டிஸ்டோனியாவுக்கு (தசைகள் தாமாகவே இழுத்துத் திருகிக்கொள்ளும் நோய்) ஆழ்மூளைத் தூண்டல் செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தெம்பனீஸ் அம்மா:
என் மகன் தொடக்கநிலை 3 படிக்கும்போது வலது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொள்ள ஆரம்பித்தது. அப்புறம் கை, இடுப்பு, முதுகு என்று ஏறிக்கொண்டே போனது. தூங்கினால் எல்லாம் அடங்கிவிடும். அதனாலேயே மனசுதான் காரணம் என்று ஒரு டாக்டர் சொன்னார், செய்வினை என்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் சொன்னார்கள், காலம்தான் போனது. கடைசியில் மரபணுப் பரிசோதனையில் டிஒய்டி1 என்று, அதாவது மரபணு மாற்றத்தால் வரும் ஒரு வகை டிஸ்டோனியா என்று தெரிந்தது. அந்த மாற்றம் என் கணவருக்கும் இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒன்றுமே இல்லை. அது இருப்பவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்குத்தான் நோய் வெளிப்படுமாம்.

மாத்திரையில் வாய் உலர்ந்து, படித்ததெல்லாம் மறந்துபோனதால் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்குச் சம்மதித்தோம். மூளையின் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மின்முனை வைத்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கம்பியை இறக்கி, காறையெலும்புக்குக் கீழே மின்னோட்டம் தரும் பேட்டரிப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் பலரை விழித்திருக்கவைத்தே செய்வார்கள்; இவனுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டே இருந்ததால் முழு மயக்கத்தில் செய்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்ததைத்தான். சுவிட்ச் போட்டதும் நடுக்கம் நின்றுபோகும் வீடியோக்களை நாம் எல்லாரும் பார்த்திருப்போம், அவை பெரும்பாலும் பார்க்கின்சனோ சாதாரண கைநடுக்கமோ உள்ளவர்களுடையவை. என் மகனுக்கு அன்றைக்கு ஒரு மாற்றமும் இல்லை. மாமியார் அழுதேவிட்டார். டிஸ்டோனியாவில் வெட்டி இழுக்கும் அசைவுகள்தான் முதலில் குறையும், திருகி நிற்கும் நிலை தளர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூடப் பிடிக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால்தான் தாங்கினோம். ஒவ்வொரு முறை போகும்போதும் தாதி கையிலிருக்கும் கருவியில் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டுவார், 'உன் பேரு சொல்லு தம்பி' என்பார், நாக்கு குழறினால் உடனே குறைப்பார். அப்படியே மெதுவாகத்தான் சரியானது. போன மாதம் தேக்கா சந்தையில் மீன்சூப் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், கூட்டத்துக்குள் நடந்து வந்தான். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஈசூன் வாசி:
அக்கா சொல்வது அத்தனையும் உண்மை. எனக்குக் கழுத்தில் மட்டும், தலை இடதுபக்கம் இழுத்துக்கொள்ளும். தாடையில் ஒரு விரலை வைத்தால் கொஞ்ச நேரம் நேராக நிற்கும், அதனால் எம்ஆர்டியில் எப்போதும் ஏதோ யோசிப்பவன் மாதிரி விரலை வைத்துக்கொண்டே நிற்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தசையைத் தளர்த்தப் போட்ட போடாக்ஸ் ஊசி போகப் போகப் பலிக்காமல் போகவே, அறுவை செய்துகொண்டேன்.

புதிதாகச் செய்துகொள்பவர்கள் கவனிக்க: என்னுடையது சார்ஜ் போடும் வகை, தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு டிவி பார்த்தபடியே ஏற்றிவிடுவேன். பேட்டரி தீர விடவே கூடாது, திடீரென நின்றால் இழுப்பு ஆபத்தான அளவுக்குத் திரும்பலாம். சாங்கி விமான நிலையச் சோதனையில் மருத்துவ அட்டையை முதலிலேயே காட்டிவிடுங்கள். பிசியோதெரபிக்குப் போனால் டயாதெர்மி என்கிற மின்சூட்டுச் சிகிச்சை கூடவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மின்முனை சூடேறி மூளையைப் பாதிக்கும். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும் கருவியின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் தங்கை:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அக்கா. என் அண்ணனுக்குப் பிறக்கும்போதே மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் வந்த டிஸ்டோனியா. மூளையில் ஏற்கெனவே சேதம் இருந்தால் டிஒய்டி1 அளவுக்குப் பலனை எதிர்பார்க்க முடியாது, கொஞ்சம் வலி குறைந்து, உடை மாற்றிவிடுவது சுலபமானாலே பெரிது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அப்பா வேண்டாம் என்கிறார். அம்மாதான் தினமும் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறார், அதனால் அவருக்கு அந்தக் கொஞ்சமும் வேண்டும். இதே மாதிரி காரணத்தால் வந்து, செய்துகொண்ட குடும்பம் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள், எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும் பரவாயில்லை.