10 வருஷம் தாண்டிய ஏர் ரைபிள் சிலிண்டர்: டெஸ்ட் போதுமா, மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. கிளப்பில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள்களின் அழுத்தக் காற்று சிலிண்டர்கள் சிலவற்றில் பொறித்த தேதி 2014. அலுமினியம், 200 பார் அழுத்தம், தயாரிப்பாளர் தந்த ஆயுள் 10 வருஷம். ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதிப்படி காலாவதியைப் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு. ஆகவே போட்டிக்குப் புதியதுதான், அதில் பேச்சே இல்லை.

சந்தேகம், பயிற்சிக்கு மட்டும் வைத்திருப்பவை பற்றி. ஹைட்ரோ டெஸ்டில் தண்ணீர் நிரப்பி 300 பார் வரை ஏற்றி, அழுத்தத்தை இறக்கியபின் எவ்வளவு விரிவு திரும்பாமல் நிற்கிறது என்று அளப்பார்கள். அது அன்றைய பலத்தைச் சொல்லும். கழுத்து மரையின் அடியில் வளரும் மயிரிழை விரிசல் அதில் தப்பிவிடலாம். அலுமினியத்தில் ஒவ்வொரு நிரப்பலும் உலோகச் சோர்வுக் கணக்கில் (அழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகம் தளர்வது) ஏறும். கை பம்பில் நிரப்பியவற்றில் ஈரம் தங்கி, உள்ளே வெள்ளைப் பொடியாக அரிப்பும் இருக்கலாம். என் சாய்வு மாற்றுவதன் பக்கம்தான். முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் இது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெசோ (அழுத்த சிலிண்டர்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற டெஸ்ட் நிலையம் எதிலாவது இவ்வளவு சின்ன சிலிண்டரை எடுக்கிறார்களா, அந்த மரைக்கு அடாப்டர் வைத்திருக்கிறார்களா? டெஸ்ட் செய்தவர்கள், உள்பக்கத்தை எப்படி உலர்த்தித் தந்தார்கள், வால்வு ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றினார்களா என்பதையும் எழுதுங்கள்.

கழிக்கப்போகிறவர்கள் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வால்வைக் கழற்றியபின் சிலிண்டர் உடலை அறுத்துவிடுங்கள். முழுசாகப் பழைய இரும்புக் கடைக்குப் போனால் யாராவது மறுபடி நிரப்புவார்கள்.