எச்சிங்: ‘அரித்தெடுப்பு’ என்று வைப்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மின்சுற்றுப்பலகை செய்வதற்கான கையேட்டில் எச்சிங் என்பதை, அதாவது பலகையிலுள்ள வேண்டாத செம்பைக் கரைத்து எடுப்பதை, தமிழில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் செதுக்கல், பொறித்தல் என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகையின் மேல் வெறும் 35 மைக்ரோமீற்றர் செம்புப் படலம். லேசர் பிரின்டரில் எடுத்த சுற்றுப்படத்தை அதன் மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், மையிலுள்ள பிளாஸ்டிக் இளகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பலகையைத் தட்டில் வைத்து, செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசலை ஊற்றி ஆட்டவேண்டும். மை மூடிய செம்பு தப்பிக்கும், மூடாதது கரைந்துவிடும்.

இதில் உளிக்கு வேலையே இல்லை. கணினி சொல்கிறபடி நகரும் சின்ன சீஎன்சி இயந்திரத்தில் கூரான முனையைச் சுழலவிட்டுச் செம்பைச் சுரண்டி எடுக்கும் வேறொரு முறை இருக்கிறது. செதுக்கல் அதற்குரிய சொல். இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

பொறித்தல் இன்னும் சிக்கல். கல்லில் எழுத்தைப் பொறித்தால் பள்ளமாகும் இடம்தான் எழுத்து. இங்கே நேர் எதிர்: பள்ளமாகும் இடம் வேண்டாதது, மிஞ்சி நிற்பதுதான் சுற்று. புதிதாகப் படிக்கிற பிள்ளை படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லே காரணமாகிவிடும்.

அரித்தல் நம் வீட்டில் இருக்கிற சொல். சட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டி அரிசியை அரிக்கிறார்களே, கரைசல் தட்டையும் அப்படித்தான் ஆட்டுகிறோம். இரண்டிலும் வேண்டியதும் வேண்டாததும் பிரிகின்றன. அரிப்பு என்று மட்டும் விட்டால் உலோக அரிப்பு, மண்ணரிப்பு, தோல் அரிப்பு எல்லாம் வந்து நிற்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதனால்தான் அரித்தெடுப்பு என்கிறேன். எடுப்பு என்று சேர்ந்தவுடன் வேண்டுமென்றே செய்வது என்று தெரிந்துவிடுகிறது. வேண்டாமல் நடப்பதற்கு அரிப்பையே வைத்துக்கொள்ளலாம்.

இது எனக்கு முக்கியம், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அந்த வேண்டாத அரிப்புத்தான் பெரிய தலைவலி. இலங்கை மலைநாட்டிலுள்ள எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் கரைசல் குளிர்ந்து கிடந்தால் வேலை நகராது, தட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் செய்யவேண்டும். பலகையின் ஓரங்களில் செம்பு முதலில் போய்விடும், நடுவில் ஒரு திட்டு மட்டும் இளஞ்சிவப்பாகப் பிடிவாதமாக நிற்கும். அது போகட்டும் என்று காத்திருந்தால், ஓரத்தில் கரைசல் மைக்கு அடியில் பக்கவாட்டாகப் புகுந்து மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். பிள்ளைகள் பார்த்தவுடன் “சேர், ஓரத்தை அரிச்சிருச்சு” என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த சொல் இல்லை அது. இதற்குப் பக்கவரிப்பு என்றும், அளவுக்கு மீறிப் போவதற்கு மிகையரிப்பு என்றும் எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. பக்கச்செதுக்கல் என்று எழுதிப் பாருங்கள், யாரோ வேலை மெனக்கெட்டுச் செய்தது போலிருக்கும்.

கரைசலுக்கு அரிகரைசல். சுடுநீர் போல வினைத்தொகை, சொல்லவும் இலகு. மையின் பூச்சுக்கு அரிப்புத்தடை என்று ஒருவர் எழுதியிருந்தார். தடை என்பது ஏற்கனவே மின்தடைக்குப் போய்விட்டது, ஆகவே அரிப்புக்காப்பு என்று திருத்தக் கேட்கிறேன்.

கையேட்டில் இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும்: செம்பேறிப் பச்சையாகக் கறுத்துப்போன பழைய கரைசலுக்கு. செம்பு மீனுக்கு நஞ்சு. எங்கள் மாவட்டத்து ஆறுகளான மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது, கொழும்பு குடிப்பதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான். ‘பழைய கரைசல்’ என்று எழுதினால் பிள்ளைகள் வடிகால் கானில் ஊற்றிவிடுவார்கள். ‘செம்புக்கழிவு’ என்று எழுதினால் கொஞ்சமாவது யோசிப்பார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற ஐந்தையும் ஆட்சேபம் வராவிட்டால் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன்.