மறுமொழி: பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் – "மகமை வட்டாரம்" சரிவருமா?

வணக்கம். பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் (பி.ஐ.டி.) என்பது, கடைவீதிக்காரர்கள் கூடிக் கட்டாயக் கட்டணம் கொடுத்துத் தங்கள் தெருக்களைச் சீர்செய்துகொள்ளும் பகுதி. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நான் சொன்ன "மகமை வட்டாரம்" பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பி.ஐ.டி. என்பதற்கு "வணிக மேம்பாட்டு மாவட்டம்" என்றே வைத்துக்கொள்ளலாமே?

மாவட்டம் வேண்டாம் ஐயா. மாவட்டம் என்றால் ஆட்சியர் வேண்டும், வட்டம் என்றால் தாசில்தார் வந்துவிடுவார். இங்கே பேச்சு நாலைந்து தெருவைப் பற்றித்தான். வட்டாரம் பரவாயில்லை.

எனக்கு உறுத்துவது "மேம்பாடு". யார் செய்கிறார்கள், யார் வீட்டுப் பணம் என்று அதில் ஒன்றும் தெரியாது. 2019-இல் சென்னை பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்களே, அது ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி செய்தது. அதையும் தாராளமாக "வணிக மேம்பாட்டு வட்டாரம்" எனலாம். ஆனால் அது பி.ஐ.டி. இல்லையே.

பி.ஐ.டி. ஏற்பாடு முதலில் வந்தது கனடாவில், டொரன்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜில், 1970-இல். 1968-இல் சுரங்க ரயில் அந்தப் பக்கம் நீண்டதும் தெருவில் ஓடிய டிராம் நின்றது. கடை வாசலில் இறங்கிய கூட்டம் பூமிக்கடியில் போய்விட்டது. போதாததற்கு, கார் வைத்திருந்தவர்களைப் புதிய மால்கள் இழுத்தன. விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி என்று தெருவைச் சீர்செய்யக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். நன்கொடை வசூலித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? நாலு பேர் கொடுப்பார்கள், விளக்கு வெளிச்சம் எல்லார் கடைக்கும் விழும். அதனால் எல்லையை வரையறுத்து, உள்ளே இருக்கும் வணிகச் சொத்து அனைத்துக்கும் கட்டாயக் கட்டணம் விதிக்கச் சட்டம் கேட்டு வாங்கினார்கள். நகராட்சி வரியோடு சேர்த்து வசூலித்துக் கடைவீதிக் குழுவிடம் கொடுத்துவிடும்.

கூடிக் கொடுக்கும் இந்தக் காசுதான் பி.ஐ.டி.யின் உயிர். அதற்கு நம் வியாபாரிகளிடம் பழகிய சொல் இருக்கிறது: மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துப் பொதுவில் சேர்த்து, விருதுநகர், சிவகாசிப் பக்கம் பள்ளிக்கூடமே கட்டியிருக்கிறார்கள்.

> மகமை விருப்பத்தின்பேரில் கொடுப்பது, ஒரு சமூகத்தோடு ஒட்டியதும்கூட. சட்டபூர்வ வரிக்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி அம்மா. ஆனால் உறவின்முறை (நாடார் சமூகத்தின் ஊர்ச் சங்கம்) வலுவாக இருந்த ஊரில் மகமை கொடுக்காமல் கடை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? பேருக்குத்தான் விருப்பம். செட்டிநாட்டு நகரத்தாரும் மகமை எடுத்தவர்கள்தான், எனவே சொல் ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதில்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது: நம் மகமை சரக்கின் மேல், டொரன்டோக்காரர்களுடையது சொத்து மதிப்பின் மேல். அதை வரையறையில் எழுதிவிடலாம். சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இழையில் சிலர் அமெரிக்காவின் மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அது தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1977-இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று சிறு நகரங்களில் சோதித்துப் பார்த்தது. பழைய கட்டட முகப்புகளை மீட்பது, விழா நடத்துவது, காலிக் கடைகளுக்கு ஆள் பிடிப்பது, எல்லாவற்றையும் கவனிக்க ஒரு முழுநேர மேலாளர். கட்டாயக் கட்டணம் அதன் அடிப்படை இல்லை. அதற்குக் "கடைவீதி மீட்புத் திட்டம்" போதும். "புத்துயிரூட்டல்" என்றால் ஏதோ ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது!

அடுத்து, டவுன்டவுனுக்கு (நகரின் நடுவிலுள்ள கடைப்பகுதிக்கு) "நகர்மையம்" வரைபடத்தில் எழுத நன்றாக இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் "டவுனுக்குப் போறேன்" என்பதை விடமாட்டார், அது வேறு விஷயம்.

ஆக, பி.ஐ.டி. = மகமை வட்டாரம், கட்டணம் = கடைவீதி மகமை, அதை நடத்துவோர் = மகமைக் குழு. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "மகமை வட்டாரத்துக்குள் கடை வைத்திருப்போர் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம்." இடறவில்லை.

"வட்டாரம்" பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல் அனுப்புங்கள். மாவட்டம் மட்டும் வேண்டாம்.