ஒட்டி நிற்கும் தூரத்தில் கராத்தே: பிடி, முழங்கை, ககியே பற்றிய அனுபவங்கள்

நான் கராத்தேயில் ஷிட்டோ-ரியு என்ற பிரிவைப் பழகியவன். தூரம் வைத்து ஆடுவது, உள்ளே பாய்ந்து ஒரு குத்து, உடனே வெளியே வருவது. எங்களுக்குக் கராத்தே என்றால் அதுதான். இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிவிட்டால் மாஸ்டர் "பிரிங்க, பிரிங்க" என்பார். கராத்தே பிறந்த ஒகினாவா தீவுக்காரர்களுக்கு வேலையே அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தபோது ஒகினாவாவின் நாஹா நகரில், கோஜு-ரியு என்ற இன்னொரு பிரிவின் சின்ன டோஜோ ஒன்றுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்குப் போனதில் அது தெரிந்தது.

அங்கே ஆசிரியருக்கு எழுபது தாண்டிய வயது. என்னைவிட நன்றாகவே குள்ளம். ககியே செய்யலாம் வா என்று கையை நீட்டினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருவரும் எதிரெதிரே நின்று வலது மணிக்கட்டுகளின் வெளிப்பக்கத்தை ஒட்டவைப்பார்கள். ஒருவர் உள்ளங்கையால் மற்றவர் நெஞ்சை நோக்கித் தள்ள, அவர் அதை வாங்கி, இழுத்து, திருப்பித் தள்ளுவார். இருவர் பிடித்து இழுக்கும் ரம்பம் மாதிரி போய்ப்போய் வரும். ஒட்டு விடக்கூடாது, அவ்வளவுதான் விதி. அந்த ஒட்டுதலுக்குத்தான் முச்சிமி என்று பெயர்.

கொஞ்ச நேரம் சும்மா போய்க்கொண்டிருந்தது. நான் சற்று அழுத்தித் தள்ளினேன். அவர் எதிர்க்கவில்லை. வந்த வேகத்திலேயே என் மணிக்கட்டைத் தன் பக்கம் வழிய விட்டார். அதே நேரம் அவரது இடது கை என் முழங்கைக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்தது. பிடிக்கக்கூட இல்லை, உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே அந்த முழங்கையை என் மார்புக்குக் குறுக்கே லேசாக நகர்த்தினார். என் தோள் திரும்பிவிட்டது. இடது கையால் ஏதாவது செய்யலாமென்றால் என் வலது கையே குறுக்கே நிற்கிறது. எடை முழுக்க ஒரு காலில். அவரோ என் பக்கவாட்டில் நின்றுகொண்டு, மணிக்கட்டை விட்ட கையால் என் காதோரம் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

மணிக்கட்டை முறுக்கி ஆளைச் சாய்க்கும் வித்தைகள் பார்க்க அழகுதான். எதிராளி முரண்டு பிடித்தால் அந்த மணிக்கட்டு கைக்குள் நிற்காது. முழங்கை யார் வசமோ, தோளும் இடுப்பும் அவர் வசம். ஹிகிதே, அதாவது குத்தும்போது இடுப்புக்கு இழுத்து வைக்கும் கை, வெறுங்கையாக வருவதாகவே நாம் பழகிவிட்டோம். அதில் எதிராளியின் கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உங்கள் கட்டாவை (தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுகளை) ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கோஜு-ரியுவின் சைஃபா என்ற கட்டாவின் முதல் அசைவு இதற்கு நல்ல உதாரணம். மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து கையை உருவப் பார்த்தால் பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான். இந்தக் கட்டா நம்மை அவன் பக்கமாகச் சாய்வாக ஓரடி உள்ளே போகச் சொல்கிறது. பிடிபட்ட முஷ்டியை மறு உள்ளங்கையால் மூடி, முழங்கையை மேலே தூக்கி, காலைச் சேர்த்து உடம்போடு திரும்ப வேண்டும். பிடியில் கட்டைவிரல் பக்கம்தான் பலவீனம், கை அந்த வழியாக வெளியே வந்துவிடும். வந்த கையே உராகெனாக, அதாவது முஷ்டியின் பின்பக்க அடியாகத் திரும்பி அவன் முகத்துக்குப் போகும்.

இதெல்லாம் யாரோ பின்னால் சேர்த்ததும் இல்லை. கராத்தேயை ஒகினாவாப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன ஆசிரியர் இதோசு அன்கோ 1908-ல் எழுதிய பத்துக் குறிப்புகளிலேயே பிடித்தல், விடுவித்தல் பற்றிய பேச்சு வருகிறது. அவை பெரும்பாலும் வாய்வழிப் பாடம் என்கிறார். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை நிற்கவைத்து எண்ணிக்கைக்கு ஆட வைத்தால் வாய்வழிப் பாடம் எங்கே நிற்கும்? ஒகினாவாவின் பழைய கராத்தே ஆசிரியர் மோட்டோபு சோகியின் 1926 புத்தகப் படங்களைப் பார்த்தால் அவரது பின்கை இடுப்பில் தூங்கவில்லை. முன்கையின் பக்கத்திலேயே காவல் நிற்கிறது.

உங்களுக்கு இப்படி யாரிடமாவது மாட்டிய அனுபவம் உண்டா?

பதில்:

அண்ணே, நான் ஷோட்டோகான் பிரிவு. எங்கள் போட்டியில் ஒட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காவிட்டால் நடுவர் "யாமே" (நிறுத்து) சொல்லிப் பிரித்துவிடுவார். அதனால் இந்தப் பக்கம் நாங்கள் ரொம்பப் போனதில்லை. இத்தனைக்கும் எங்கள் பிரிவைத் தொடங்கிய ஃபுனகோஷியின் 1935 புத்தகத்தில் எறியும் முறைகளே வரிசையாக இருக்கின்றன.

ஜூடோ பழகிய நண்பர் ஒருவரோடு சட்டை இல்லாமல், வியர்வையோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முன்னங்கை சோப்பு தடவியது போல வழுக்குகிறது. முழங்கைக்கு மேலே, கையின் பின்சதையில் கொக்கி போட்டால்தான் நிற்கிறது. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ககியேயில் எதிராளி ஒழுங்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நண்பரோ நான் முழங்கையைத் தொட்டதும் கையை மடக்கிக்கொண்டு தலையை என் தோளுக்குக் கீழே நுழைத்துவிட்டார். அடுத்த நொடி நான் பாயில். அதைப் பற்றி அந்தப் பெரியவர் ஏதாவது சொன்னாரா?

பதில்:

சொல்லவில்லை தம்பி, செய்து காட்டினார். கையை மடக்கி உள்ளே நுழைய வந்த சீனியர் மாணவர் ஒருவரின் தாடைக்கடியில் தன் முன்னங்கையைக் குறுக்கே வைத்துத் தலையைத் திருப்பி விட்டார். தலை திரும்பினால் உடம்பு உள்ளே வர முடியாது. ஆனால் முழங்கையை விட்டுக் கழுத்துக்கு மாறும் அந்த நொடி பிந்தினால் உன் கதைதான். அதனால்தான் வாரக்கடைசியில் ஒரு ஜூடோக்காரரைக் கூட்டிவைத்துக்கொண்டு பழகுகிறேன். நேர்க்கையில் முழங்கையை அழுத்தும் பூட்டை மட்டும் மெதுவாகப் போடுகிறோம், தட்டினால் உடனே விட்டுவிடுவோம். மூட்டு போனால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.