சூடேறியதும் உதறும் பழைய எஞ்சின்: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
என்னுடையது நான்கு சிலிண்டரும் ஒற்றைக் கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) கான்டாக்ட் பாயிண்டும் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) கொண்ட பழைய பெட்ரோல் கார். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது சீராகவே ஓடுகிறது. நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஓட்டத்தில்) வண்டி முழுவதும் உதறுகிறது, சைலன்சரில் ஒரே தாளத்தில் ஒரு விடுபடல் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பிளக்குகளும் கன்டென்சரும் புதியவை. மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1:
கார்புரேட்டரை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒற்றைக் கார்புரேட்டரில் கோளாறு என்றால் அது பொதுவாக நான்கு சிலிண்டர்களையும் பாதிக்கும். ஒரே தாளத்தில் வரும் விடுபடலோ, ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். சூடான எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது, காப்பிட்ட இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையை எர்த் செய்து பாருங்கள். எந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் குறை இருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் குழாய்) கேஸ்கட்டில் காற்றுக் கசிவு இருந்தாலும் இப்படி நேரும்; சோக் தரும் கூடுதல் பெட்ரோல் அந்தக் கசிவை மறைத்துவிடும். இணைப்புகளில் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்தால் வேகம் மாறுவதிலிருந்து கசிவு தெரியும்.

மறுமொழி 2:
கிளீனர் எளிதில் தீப்பற்றக்கூடியது. பல பழைய எஞ்சின்களில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்டேக்கும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், சூடான எஞ்சினில் அதைத் தெளிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் படாமல் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்தாலே போதும். கசிவு இருந்தால் அது சற்று நேரம் அடைபட்டு ஓட்டம் மாறும்.

கேட்டவர்:
தண்ணீர் தெளித்ததில் மாற்றம் இல்லை. மூன்றாவது சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் ஓட்டம் மாறவே இல்லை. அங்கே ஸ்பார்க் வலுவாக வருகிறது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுமையாகத் திறந்து, சூடான நிலையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தேன்: மற்ற மூன்றும் 150 பிஎஸ்ஐ அளவில் இருக்க, மூன்றாவது 95 மட்டுமே. அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டும் அது உயரவில்லை.

மறுமொழி 1:
எண்ணெய் விட்டதும் உயர்ந்திருந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள கசிவை அது அடைத்தது என்று பொருள்; பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். உயராததால் வால்வு சரியாக மூடவில்லை என்றே கருதுகிறேன். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டை (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகட்டை) முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியை) ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடுகளால் அளந்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். சூடான நிலைக்கா குளிர்ந்த நிலைக்கா என்பதையும் கவனியுங்கள். டேப்பெட் சத்தம் இல்லாததை நல்ல அறிகுறியாகப் பலர் எண்ணுவது எனக்குக் கவலை தருகிறது. வால்வு மூடும்போது வந்து அமரும் விளிம்பான வால்வு சீட் தேயத் தேய வால்வு மேலேறி, இடைவெளி குறைந்து, சத்தமும் அடங்கிவிடும். கடினப்படுத்தப்படாத சீட் உள்ள எஞ்சின்களில் ஈயமற்ற பெட்ரோல் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். குளிர்ந்த நிலையில் மூடும் வால்வு, சூட்டில் நீண்டு திறந்தே நிற்கும். வேகம் கூடினால் கசிவதற்கு நேரம் குறைவதால் உதறலும் குறைகிறது. நீங்கள் விவரித்த எல்லாமே இதற்குப் பொருந்துகின்றன.

இடைவெளியைச் சரிசெய்த பின் கம்ப்ரஷனை மீண்டும் அளவிடுங்கள். அப்போதும் உயராவிட்டால், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிளக் துளை வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்துங்கள்: சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு. அந்த நிலையில் ஹெட்டைக் கழற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கசியும் எக்ஸாஸ்ட் வால்வு ஓட ஓடக் கருகிக்கொண்டே போகும்.