சக்கர நாற்காலியோடு கெட்டிஸ்பர்க் போனவர்கள் உண்டா?

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை அமெரிக்காவில் உள்ள கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்கு அழைத்துப் போகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலையில் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையை மணிவாரியாகச் சொல்வார். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். காரில் இருந்தபடியே சுற்றிவரச் சாலை உண்டு என்பது தெரியும். அவருக்கோ லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் மேலிருந்து டெவில்ஸ் டென் பாறைகளைப் பார்த்தே ஆக வேண்டும்!

சீரமைப்புக்காக மூடியிருந்து 2024இல் திறந்த அந்தக் குன்றில் சக்கர நாற்காலிக்கும் பாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றம் எப்படி? நான் ஒருத்தியே தள்ளிவிட முடியுமா? சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் ‘சாய்தளம் உண்டு’ என்ற பலகையை நம்பிப் போய், சரளைக்கல்லில் முன்சக்கரம் புதைந்து அரை மணி நேரம் நின்றோம். ஆகவே போய்வந்தவர்களைக் கேட்கிறேன். கார் நிறுத்த எத்தனை மணிக்குள் போக வேண்டும்? பக்கத்தில் கழிப்பறை உண்டா?