ஜம்ப் சீட்ல உட்காரப் போறேன், என்ன கவனிக்கணும்?

ஸ்க்வாக்7: நான் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர். அப்ரோச் ரேட்டிங் (விமான நிலையத்தை நெருங்குற விமானங்களைக் கையாளுற தகுதி) வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் காக்பிட்ல, பைலட்டுங்க பின்னாடி இருக்கிற கூடுதல் சீட்ல (அதான் ஜம்ப் சீட்) போய்வர அனுமதி கிடைச்சிருக்கு. ஏ320, போக வர. சீனியர் ஒருத்தர் "ஓசி டிக்கெட், மேகம் பார்த்துட்டு வா"ங்கிறார். அவ்வளவுதானா?

பழைய_ரேடார்: ஓசி டிக்கெட்னு நெனச்சுத்தான் நானும் ஏறினேன் தம்பி. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் ரேடார்ல இருந்தவன். பைலட் டிசென்ட் (கீழே இறங்க அனுமதி) கேட்பார், கீழே டிராஃபிக் இருந்தா "ஸ்டாண்ட்பை" (கொஞ்சம் இருங்க) சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். திரையில புள்ளி கொஞ்சம் நகரும்.

அன்னைக்கு அந்தப் புள்ளிக்குள்ளே நான். 36,000 அடி. கேப்டன் டிசென்ட் கேட்டார். ஸ்டாண்ட்பை. 1,000 அடி இறங்க சுமார் 3 மைல் (எல்லாம் கடல் மைல்) வேணும்கிறது பரீட்சைக்குப் படிச்சதுதான். ஆனா அப்போ தரைவேகம் 450 நாட், நிமிஷத்துக்கு ஏழரை மைல். ரெண்டு நிமிஷம் கழிச்சு அனுமதி வந்தப்ப 15 மைல் போயாச்சு. அதாவது 5,000 அடி உயரம் கூடுதலா கையில நிக்குது. கேப்டன் திட்டலை. ஸ்பீடு பிரேக் (இறக்கை மேல எழும்புற தடுப்புத் தகடு) லீவரை இழுத்தார், விமானம் தடதடன்னு அதிர்ந்துச்சு. பின்னாடி காபி குடிச்சவங்க என்னைத்தான் சபிச்சிருக்கணும். கொஞ்ச நேரத்துல "வேகத்தைக் குறைங்க"ன்னு அடுத்த உத்தரவு. ரெண்டு பைலட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. இறக்கத்துல சைக்கிள் விட்டவனுக்குத் தெரியும், சீக்கிரம் இறங்கணும், மெதுவாவும் போகணும்னா நடக்காது. அந்தப் பார்வை எனக்கு எத்தனை காக்பிட்ல கிடைச்சிருக்கும்!

கடைசி நேரத்துல ரன்வே மாத்தினா நல்லா கவனி. நமக்கு அது ஒரு வரி. அங்கே ஒருத்தர் குனிஞ்சு கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் புதுசா ஏத்தணும், ரெண்டு பேரும் மறுபடி பிரீஃபிங் பேசணும், அந்த நேரம் பார்த்து நாம ஃப்ரீக்வென்சி மாத்தச் சொல்லுவோம். 10,000 அடிக்குக் கீழே மட்டும் வாயைத் திறக்காதே. கேள்வியெல்லாம் க்ரூஸ்ல, மேலே ஒரே உயரத்துல பறக்கும்போது.

வலதுசீட்டு: சார் சொன்னதுக்கு மறுபக்கமும் உண்டு. நான் ஒருமுறை சென்னையில ரேடார் ரூமுக்குப் போனேன். "டைரக்ட் (சுத்தாம நேர்வழி) ஏன் தரமாட்டேங்கிறாங்க"ன்னு எப்பவும் முணுமுணுக்கிற கோ-பைலட் நான். பக்கத்துல தாம்பரத்துல விமானப்படை, அரக்கோணத்துல கடற்படை, ஒவ்வொண்ணுக்கும் போன் போட்டுப் பேசுறதைப் பார்த்தப்புறம் முணுமுணுப்பு நின்னுபோச்சு. ஸ்க்வாக்7, தாராளமா வாங்க, இடைஞ்சல் இல்லை. அமெரிக்காவில கன்ட்ரோலர்கள் இப்படி காக்பிட்ல போறது ரொம்ப காலமா இருந்தது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிறுத்தி, பல வருஷம் கழிச்சு மறுபடி கொண்டுவந்தாங்க.

மேகக்கோடு: டிகாஸ் (வேற விமானத்தோட மோதாம இருக்க எச்சரிக்கிற கருவி) கத்தும்போது காக்பிட் எப்படி இருக்கும்னும் கேட்டுக்கங்க. 2002-ல ஜெர்மனியில ஊபர்லிங்கன் மேல ரெண்டு விமானம் மோதின விபத்துல, டுபலேவ் விமானத்தை கன்ட்ரோலர் இறங்கச் சொன்னார், அதோட டிகாஸ் ஏறச் சொல்லுச்சு. உள்ளே அப்படி ஒரு குரல் ஒலிக்குதுன்னு கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு விமானத்திலயும் சேர்த்து 71 பேர் செத்தாங்க.

பழைய_ரேடார்: இன்னொண்ணு தம்பி. திரும்பி வரும்போது உன் செக்டார் (நீங்க பார்க்கிற வான்பகுதி) கன்ட்ரோலரோட குரலை ஹெட்செட்ல கேளு. நாம எவ்வளவு வேகமா பேசுறோம்னு அப்பதான் தெரியும்.

ஸ்க்வாக்7: நன்றி சார். ஆனா அன்னைக்கு அந்த செக்டார்ல டூட்டி, ஓசி டிக்கெட்னு சொன்ன அதே சீனியருக்கு!

பழைய_ரேடார்: அப்போ டிசென்ட் எப்போ கேட்டாங்க, எப்போ கொடுத்தார்னு கையில எழுதிட்டு வா.